கை படாத மேன்டில்

பேரிங்குகளை அளப்பது என் பிழைப்பு. கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிக் கழித்துவிடுகிறவன். இது தெரிந்துதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சனிக்கிழமை ஷூ டப்பாவும் கையுமாக வந்தார். “இதெல்லாம் என்ன பெறும் என்று பார்த்துச் சொல்கிறீர்களா?”

உள்ளே பேஸ்பால் கார்டுகள், முந்நூறுக்குக் குறையாது. பெரும்பாலும் 1957-ஆம் ஆண்டு டாப்ஸ் கம்பெனி பபிள்கம்மோடு சேர்த்து விற்றவை. அப்போது அவருக்குப் பத்து வயது. எனக்கோ அந்த ஆட்டத்தில் யார் எதற்காக ஓடுகிறார்கள் என்பதே அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் குறை கண்டுபிடிக்கத் தெரியும். அது போதும் என்று எண்ணிக்கொண்டேன்.

கார்டின் நிலைமையைப் பார்க்கிறவர்கள் நான்கு இடங்களில் கண்ணை வைக்கிறார்கள்: நான்கு முனைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்பது. கடைசியானதை சென்டரிங் என்பார்கள். இடப்பக்க வெள்ளைக் கரையும் வலப்பக்க வெள்ளைக் கரையும் சமமாக இருக்க வேண்டும். 55-க்கு 45 என்ற விகிதத்தைத் தாண்டிவிட்டால் பத்துக்குப் பத்து மதிப்பெண்ணை மறந்துவிடலாம். இதில் ஒரு அநியாயம் உண்டு. முனை மழுங்குவது வைத்திருந்தவன் செய்த வினை. சென்டரிங் அப்படியல்ல, அச்சகத்தில் தாள் கொஞ்சம் நகர்ந்ததால் வந்தது. பிறக்கும்போதே தலையெழுத்து கோணல். 1957 கார்டுகளில் கறுப்பான இடங்களில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். பனி என்று சொல்கிறார்கள். அதுவும் அச்சகத்தின் கைங்கரியம்தான்.

மேற்பரப்பை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை குற்றமில்லாமல் இருந்த கார்டில் திடீரென்று ஒரு மடிப்பு, தலைமுடி அளவுக்கு, மின்னி மறையும். அந்த ஒரு மடிப்பு போதும், மதிப்பெண் பாதிக்குக் கீழே போய்விடும். விலை அதைவிட வேகமாக இறங்கும். இந்தச் சந்தையில் ஒரு எண் கூடுவதற்குள் விலை சில சமயம் இரண்டு, மூன்று மடங்காகிவிடுகிறது.

நான் வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1957-இல்தான் டாப்ஸ் கார்டைச் சிறிதாக்கி, இன்றுவரை நிலைத்துவிட்ட இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவுக்குக் கொண்டுவந்தது. ஒரு கார்டு அகலத்தில் அரை மில்லிமீட்டர் குறைந்தது. “யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்” என்றேன், நீதிபதி மாதிரி. தேய்ந்த முனையை மறைக்க ஓரத்தைச் சீவுவது இந்தத் தொழிலில் மகாபாவம் என்று முந்தின இரவுதான் படித்திருந்தேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். “யார் வெட்டியிருப்பார்கள்? என் அம்மாவா?”

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனவர் இரண்டு வாரம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

2024 ஜூலையில் தேசிய அளவிலான கார்டு சந்தை கிளீவ்லாந்தில் கூடியது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஐ-எக்ஸ் சென்டர் என்ற ராட்சதக் கொட்டகை. ஒரு காலத்தில் ராணுவத்துக்கு டாங்கி செய்த ஆலை. சமாதானத்துக்காக அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பழைய வியாபாரியிடம் என் ‘குற்றவாளி’ கார்டைக் காட்டினேன். அவர் அளவுகோலைத் தொடவே இல்லை. பத்து மடங்கு லென்ஸை ஓரத்தில் வைத்துச் சுற்றிலும் ஒரு நடை நடந்தார். “ஆலையில் வெட்டியதுதான்” என்றார்.

பிறகு சொல்லிக் கொடுத்தார். பெரிய தாள்களை அடுக்கிவைத்துப் பிளேடை இறக்கிய காலம் அது. பிளேடு நகர்ந்தால் கார்டும் கூடும், குறையும். அளவு ஒரு சாட்சி மட்டுமே. பார்க்க வேண்டியது வயது. முனை அறுபது வருடம் மழுங்கியிருந்தால் ஓரமும் அறுபது வருடம் பழுத்திருக்க வேண்டும். முனை கிழடு, ஓரம் மட்டும் நேற்றுப் பிறந்தது போல வெள்ளையாக, கூராக இருந்தால்தான் கத்தி விளையாடியிருக்கிறது. ஒரே கார்டில் இரண்டு வயது இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அம்மாவிடம் சொல்கிறேன்” என்றார். அவர் அம்மா இறந்து முப்பது வருடமாகிறது.

ஓரம் வெட்டும் கதை என்றால் அந்தக் கூட்டத்தில் எல்லார் வாயிலும் வருவது வாக்னர் கார்டு. 1909-க்கும் 1911-க்கும் நடுவில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிக்குள் வைத்தது. பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு மட்டும் பாதியில் நின்றுபோனது. அறுபது பிரதிகள் மிஞ்சியிருந்தால் அதிகம். அவற்றில் ஒன்றை ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். கார்டுகளுக்கு மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டில். அவர்கள் மதிப்பெண் போட்ட முதல் கார்டு இதுதான். 8 கிடைத்தது. எண்பது வயது கார்டுக்கு எப்படி அப்படி ஒரு முனை என்று பலர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். 2007-இல் விலை 28 லட்சம் டாலர். 2013-இல், ஒரு காலத்தில் இந்தக் கார்டை வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ, ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது கார்டின் ஓரத்தை வெட்டியதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார். இருபது மாதம் சிறை. இன்றைக்கு உலகம் முழுவதும் நம்பும் அந்த எண்களின் வரிசை, வெட்டிய கார்டில் ஆரம்பித்திருக்கிறது. உரைகல்லில் முதல் உரசலே பித்தளை! என் தொழிற்சாலையில் இப்படி நடந்திருந்தால் ஆலையையே ஒருநாள் மூடியிருப்பார்கள்.

பெரியவரின் டப்பாவில் பணம் பெறக்கூடியது ஒன்று இருந்தது: மிக்கி மேன்டில், நியூயார்க் யாங்கீஸ். முந்தின ஆண்டில்தான் லீக்கின் மூன்று பேட்டிங் பட்டங்களையும் ஒருசேர எடுத்திருந்தவர். மற்ற கார்டுகளில் ரப்பர் பேண்ட் கடித்த தடம், சைக்கிள் கம்பியில் செருகி டர்ர்ர் என்று ஓட்டியதில் பிய்ந்த முனை, பின்பக்கம் பபிள்கம் கறை. மேன்டில் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தார்.

“இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தீர்களே! அப்போதே மதிப்பு தெரியுமா?” என்று கேட்டேன்.

“பத்திரமா? யாங்கீஸ்காரனை யார் தொடுவார்கள்?”

கிளீவ்லாந்துப் பையன்களுக்கு யாங்கீஸ் என்றால் அப்படி ஒரு எரிச்சல். எடுத்துப் பார்க்கவில்லை, நண்பனிடம் காட்டவில்லை, தலையணைக்கு அடியில் வைக்கவில்லை. வெறுப்பில் ஒதுக்கி வைத்தது, அதனால் பிழைத்தது. 2022-இல் ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் டாலருக்கு விற்ற 1952 மேன்டில் கார்டும் இந்த ஜாதிதான். அந்த வரிசையின் கடைசிக் கட்டு கடைக்கு வரும்போது ஆட்டப் பருவமே முடியப்போகிறது. விற்காமல் தேங்கியதில் பெரும்பகுதியை டாப்ஸ் 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியது. பையன்கள் கையில் சிக்காமல் மிஞ்சியதில் ஒன்றுக்குத்தான் அந்த விலை.

மேன்டிலை அங்கேயே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். சில வாரம் கழித்துத் தபாலில் 6 என்ற எண்ணோடு வந்தது. அந்த மாதமே விற்றார். குளியலறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

டப்பாவில் இன்னொரு கார்டு: ராக்கி கொலாவிட்டோ, கிளீவ்லாந்து. அவருடைய அறிமுகக் கார்டு. முனைகள் நான்கும் பூவாக விரிந்திருந்தன. அதுகூடப் பரவாயில்லை. ‘இண்டியன்ஸ்’ என்று அச்சிட்ட அணியின் பெயரை யாரோ நீல பால்பாயிண்டால் அடித்து, ஓரத்தில் ‘டெட்ராய்ட்’ என்று எழுதியிருந்தார்கள். கை நடுங்கிய எழுத்து.

1959-இல் 42 ஹோம் ரன் அடித்த கொலாவிட்டோவை, 1960 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறன்று, பருவம் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, கிளீவ்லாந்து பொது மேலாளர் ஃபிராங்க் லேன் டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார். பதிலுக்கு வந்தவர் ஹார்வி கீன். முதல் ஆட்டமே கிளீவ்லாந்தில், டெட்ராய்ட்டுக்கு எதிராக. ஊர் அதை இன்னும் மன்னிக்கவில்லை. கிளீவ்லாந்து 1948-க்குப் பிறகு உலகத் தொடரை வெல்லாததற்கும் ஒரு கூட்டம் இந்த வர்த்தகத்தின் சாபம்தான் காரணம் என்கிறது.

அந்த ஞாயிறு சாயங்காலம், பதின்மூன்று வயதில், பெரியவர்தான் அழுதுகொண்டே எழுதினாராம். எழுதாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியதாம்.

கார்டில் பேனா பட்டால் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எம்.கே. என்று இரண்டு எழுத்து விழும். குறி இடப்பட்டது என்று அர்த்தம். சந்தையில் ஒருவர், மையை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று காதோடு சொன்னார். அப்படி எடுத்து, அது தெரிந்துவிட்டால் மதிப்பெண்ணே கிடையாது, ‘மாற்றப்பட்டது’ என்ற முத்திரைதான் என்றேன் நான். இப்போது நானும் விவரக்காரன். பெரியவர் எங்கள் இருவரையும் கேட்காதவர் போல அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த டிசம்பரில் கொலாவிட்டோ இறந்துபோனார், தொண்ணூற்றொரு வயதில். செய்தி பார்த்துவிட்டுப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். உறையில்லாமல் கார்டு வெளியே கிடந்தது. பக்கத்தில் ததும்பும் காபிக் கோப்பை, அடியில் ஈரம், கார்டின் முனையை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு. என் கை தானாகக் கோப்பையை அப்பால் நகர்த்தியது.

அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்தார்.