கொல்லைப்புற விளாமரம்

போன வருடம் பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் கடைத்தெருவில் ஒரு விளாம்பழம் 30 ரூபாய் என்றார்கள். பேரம் பேசாமல் வாங்கினேன். பேச எனக்கு வாய் இல்லை.

எங்கள் ஊர் வீட்டுக் கொல்லையில் தாத்தா காலத்து விளாமரம் ஒன்று நின்றது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. கிணறு வற்றிய வருடத்திலும் காய்த்தது. கிளையெல்லாம் முள், ஏற முடியாது. தானாக விழுந்ததைத்தான் பொறுக்குவோம். தரையில் போட்டால் துள்ளுவது காய். தொப்பென்று கிடப்பது பழம். அம்மா ஓட்டை உடைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, ஓட்டிலேயே கொடுப்பாள். காயாக இருந்தால் பச்சடி.

அப்பா போனபின் அண்ணனுக்குக் கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது. "இப்ப யாருடா இதைத் தின்னுறாங்க?" என்றார். "சரிண்ணா" என்றேன். மரம் வெட்டிய அன்று அம்மா கொல்லைப் பக்கமே வரவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையைப் புரட்டினேன். 100 கிராம் விளாம்பழச் சதையில் புரதம் சுமார் 7 கிராம். ஆப்பிளில் 1 கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச்சத்து 130 மில்லிகிராம், ஏறக்குறைய பசும்பாலில் உள்ள அளவு. நார்ச்சத்து 5 கிராம். வைட்டமின் சி மட்டும் குறைவு. அதற்கு நெல்லிக்காய் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் தோப்பாக ஏன் யாரும் வைப்பதில்லை? மெதுவாக வளரும் மரம். விதை போட்டால் காய்க்க 15 வருடம்கூட ஆகலாம். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும் என்றாலும், அதைத் தேடிப் போய் வாங்குபவர் குறைவு.

பூசை முடிந்ததும் அந்தப் பழத்தின் விதைகளைக் கழுவித் தொட்டியில் போட்டேன். "எழுபத்தொரு வயசுல யாருக்குக் காய்க்கப் போகுது?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆறு முளைத்தன, இரண்டு நின்றன. இப்போது முழங்கால் உயரம்கூட இல்லை, அதற்குள் முள் வைத்துவிட்டன.

நாங்கள் இருப்பது அடுக்குமாடி. தயங்கித் தயங்கி அண்ணனுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கார் இப்ப யாருடா ஓட்டுறா? வித்தாச்சு. கொண்டு வா" என்றார்.

ஐப்பசி மழைக்கு ஊருக்குப் போகிறேன், இரண்டு கன்றையும் எடுத்துக்கொண்டு.