நாளத்தின் போக்கில்

முலைக்காம்பு உள்வாங்கியிருக்கிறது என்று வரும் பெண்ணிடம் நான் முதலில் கேட்பது இது: வயசுக்கு வந்ததிலிருந்தே இப்படியா, இடையில் வந்ததா? அடுத்து, இனி குழந்தைக்குப் பால் கொடுக்கும் எண்ணம் உண்டா? இரண்டுக்கும் பதில் தெரியாமல் கத்தியை எடுக்க மாட்டேன்.

காம்புக்கு அடியில் பால் நாளங்கள் குட்டையாக இருக்கும். நடுவே நார்த்திசு இறுகிக் காம்பை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். கொரிய மருத்துவர்கள் ஹானும் ஹாங்கும் 1999-இல் வகுத்த மூன்று நிலைகளை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். விரலால் இழுத்தால் வெளியே வந்து நிற்பது முதல் நிலை. வந்தாலும் விட்டதும் உள்ளே போய்விடுவது இரண்டாவது. இழுத்தும் வராதது மூன்றாவது.

முதல் நிலைக்குப் பெரும்பாலும் அறுவை வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு சிரிஞ்சே உதவும். ஊசி மாட்டும் முனையை வெட்டி, பிஸ்டனை அந்தப் பக்கமாகச் செருகி, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின்மேல் வைத்து மெல்ல இழுக்க வேண்டும். தாவணகெரே மருத்துவர்கள் 1993-இல் எழுதிவைத்த முறை இது. இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் புட்டிப்பாலுக்குப் போன தாய்மாரை நினைத்தால் எனக்கு ஆறாது.

அறுவை என்றால், மரத்துப்போக ஊசி போட்டு, காம்பில் ஒரு நூலைக் கோத்து, உதவியாளரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். அடியில் சில மில்லிமீட்டர் கீறல் போதும். மெல்லிய கத்தரியை மூடியபடி நுழைத்து, நாளம் ஓடும் திசையிலேயே விரிக்க வேண்டும். குறுக்கே போனால் நாளம் அறுந்துவிடும். ஒவ்வொரு நாராக விடுபட விடுபட, நூலின் இழுவை தளர்வது கைக்குத் தெரியும். நூலை விட்டபிறகும் காம்பு தானாக நிற்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அடியில் சுருக்குப்பை வாயைப்போல ஒரு தையல். அதிகம் இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து காம்பு கருத்துவிடும். தளர்த்தினால் பழையபடி உள்ளே போய்விடும். அந்தப் பதம் கைப்பழக்கத்தில்தான் வரும்.

மூன்றாம் நிலையில் பல சமயம் நாளங்களையே வெட்ட வேண்டியிருக்கும். அப்புறம் பால் கொடுக்க முடியாமல் போகலாம். இதைக் கணவரிடமோ மாமியாரிடமோ சொன்னால் போதாது. அந்தப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிள்ளை பெற வேண்டியவர் என்றால், "அவசரம் இல்லம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பேன்.

ஆனால் இத்தனை வருஷம் சரியாக இருந்த காம்பு, அதுவும் ஒரு பக்கம் மட்டும், புதிதாக உள்வாங்கினால் காத்திருக்காதீர்கள். அது மார்பகப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டி, மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்துப் பாருங்கள்.