கடைசி ஸ்டேஷன்

மதவாச்சியில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து வரும் தண்டவாளம் முடிகிற இடம் தலைமன்னார் பியர். சின்னக் கட்டடம், ஒரு மேடை, அப்பால் கடல்.

1914இல் இந்தப் பாதை திறக்கப்பட்டபோது பயணம் இங்கே முடியவில்லை. ரயிலால் இறங்கியவர்கள் கப்பலேறித் தனுஷ்கோடி போய், அங்கிருந்து சென்னைக்கு மறுபடியும் ரயில் ஏறினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் அதுவும் நின்றது. 1990இல் யுத்தத்தால் ரயிலும் நின்றது.

சென்ற விடுமுறையில் உம்மம்மாவை மாமாவின் ஓட்டோவில் அங்கே கூட்டிப் போனோம். சிறுமியாக இருந்தபோது இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் தன் வாப்பாவுக்காக அங்கே காத்து நின்றவர் அவர். இப்போது புதுக் கட்டடத்தைப் பார்த்து, "இது நம்மட ஸ்டேஷன் இல்லயே" என்றார். பாதை திருத்தப்பட்டு 2015 மார்ச் 14ஆம் திகதி மீண்டும் ரயில் வந்ததை மாமா எடுத்துச் சொன்னார்.

நான் உயர்தரம் படிக்கிறேன். பல்கலைக்கழகம் கிடைத்தால் இந்த ரயிலில்தான் போக வேண்டும். வாப்பாவுக்குச் சம்மதம். உம்மம்மா மட்டும், "பொம்புளப் புள்ளக்கி ஏன் அவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய காலத்து மனம் என்று எனக்குள் கோபப்பட்டிருக்கிறேன்.

மேடையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி அவராகவே பேசினார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனவர்கள் நாங்கள். உம்மாவுக்கு அப்போது எட்டு வயது. புத்தகப் பையைக் கரையில் விட்டுவிட்டு ஏறினாராம். யுத்தம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது.

"ரெண்டு நாளையில வந்திருவம் எண்டுதான் மகள் நான் வீட்டப் பூட்டினேன்" என்றார்.

அவர் பயந்தது என் படிப்புக்கு அல்ல, போனவர்கள் திரும்பாமல் போய்விடுவதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

புறப்படும்போது அங்கு நின்ற உத்தியோகத்தரிடம் கொழும்புக்கு டிக்கட் எவ்வளவு என்று கேட்டேன். உம்மம்மா என் கையைப் பிடித்தார்.

"போறதுக்கு மட்டும் கேக்காத. வாறதுக்கும் கேளு."

சம்மதம் என்று அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சுபஹு தொழுததும் என்னைப் படிக்க உட்கார வைத்து, இஞ்சித் தேநீர் கொண்டு வந்து வைப்பவர் அவர்தான்.