பச்சைத் தொப்பி

அமெரிக்காவில் பணிபுரியும் குருமடத் தோழர் ஒருவர் 2019 ஆம் ஆண்டில் எமக்கு ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தார். பச்சை மேற்சட்டை, பச்சைத் தொப்பி, கையிலொரு தடி. வாய்நிறையச் சிரிக்கும் இளம்பெண். நோட்டர் டேம் பல்கலைக்கழக அணிகளின் சின்னமான 'லெப்ரகான்' வேடத்துக்குத் தேர்வான முதல் மாணவி அவர் என்று தோழர் எழுதியிருந்தார்.

லெப்ரகான் அயர்லாந்தின் நாட்டார் கதைகளில் வரும் குறளி. தனித்திருந்து செருப்புத் தைக்கும். பொற்குடத்தை ஒளித்துவைத்துத் தேடி வருவோரை ஏய்க்கும். திருச்சிலுவைச் சபைக் குரு எட்வர்ட் சோரின், அன்னை மரியாளின் பெயரால் 1842 இல் நிறுவிய கல்விக்கூடத்துக்குக் குறளியா சின்னம் என்று முதலில் நகைத்தோம். பிறகுதான் அதன் வரலாற்றைப் படித்தோம்.

1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வாட்டியபோது அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். எஞ்சியோருள் பெருந்திரளானோர் கடல் கடந்தனர். அமெரிக்க இதழ்கள் அவர்களைக் குரங்கு முகத்தினராகவும் குடியராகவும் சண்டைக்காரராகவும் வரைந்து எள்ளின. அவர்கள் கத்தோலிக்கராயிருந்ததும் ஏளனத்துக்கு ஏதுவாயிற்று. 'சண்டையிடும் ஐரிஷ்காரர்' என்னும் பெயரில் அந்த ஏளனத்தின் வாடை வீசுகிறது. அதையே 1927 இல் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த அருட்தந்தை மேத்யூ வால்ஷ் தம் அணிகளின் பெயராக ஏற்றுக்கொண்டார். முன்பு ஐரிஷ் டெரியர் நாய்கள் சின்னமாயிருந்தன. 1965 இல் லெப்ரகான் அவ்விடத்தைப் பெற்றது.

அவ்வேடத்துக்கு ஆண்டுதோறும் தேர்வு உண்டு. ஐரிஷ் நடனம் ஆட வேண்டும். கூட்டத்தை எழுப்பிக் காட்ட வேண்டும். செய்தியாளரைப்போல் வினவுவோர்க்குத் தடுமாறாது விடையிறுக்க வேண்டும். ஐரிஷ் குருதி வேண்டுமென்ற விதி இல்லை. அணி தோற்கும் வேளையிலும் பல்லாயிரவர் முன் துள்ளுவது எளிதன்று. பாதி உறங்கும் சபைமுன் ஞாயிறுதோறும் மறையுரையாற்றும் எமக்கு அது தெரியும்.

ஆயினும் தோழருக்குப் பல நாள் மறுமொழி எழுதினோமல்லோம். காரணம் உண்டு.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் திருவிழா நாடகத்துக்கு வேடம் பிரித்துக்கொண்டிருந்தோம். கல்லூரி மாணவி ஒருத்தி வந்து, "சாமி, கட்டியக்காரன் வேஷம் நான் கட்டுறேன்" என்றாள். எல்லார் வசனமும் அவளுக்கு மனப்பாடம். "அது ஆம்பிள வேஷம்மா. தாடி மீசை ஒட்டிக்கிட்டா ஆடுவ?" என்றோம். சுற்றியிருந்தோர் சிரித்தனர். அவளும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. வேடத்தை ஓர் இளைஞனுக்குக் கொடுத்தோம். மேடையேறியதும் அவனுக்கு நா எழவில்லை. திரைக்குப் பின்னின்று அவளே வரிவரியாக எடுத்துக்கொடுத்தாள். மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தது அவள் வாய்ச்சொல்லுக்கே. நன்றி நவிலலில் அவள் பெயரை நாம் சொல்லவில்லை. மறந்துவிட்டோம் என்று அப்போது எம்மையே நம்பவைத்துக்கொண்டோம்.

இன்று அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவளது எண்ணை விசாரித்துப் பெற்று, மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதி, நிழற்படத்தையும் அனுப்பினோம்.

மாலையில் மறுமொழி வந்தது: "அங்க தாடி ஒட்டாமலே குடுத்துட்டாங்களா, சாமி?"