டிக்கி லாக்

எட்டாவது படிக்கிற ஒரு பையன் மேல், அவன் செய்யாத தவறுக்காகப் பழி போட்டேன். அவன் என் மகன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை, அவனிடமும்.

எங்கள் கார் பதினோரு வருஷப் பழசு. அதன் டிக்கி லாக் சரியில்லை என்பது சித்திரையிலேயே எனக்குத் தெரியும். டிக்கியைச் சாத்தினால் ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம் வரவேண்டும். முதல் சத்தத்தில் அரைப் பூட்டு, இரண்டாவதில் முழுப் பூட்டு. எங்கள் வண்டியில் சில நாள் ஒரு சத்தம்தான் வரும். ஓட்டும்போது மீட்டருக்குள் சிவப்பு விளக்கு எரியும், அணையும். “சென்சார் கோளாறு, கண்டுக்காதே” என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். மெக்கானிக்கிடம் காட்ட நேரமில்லை என்றும் சொன்னேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில்தான் இருந்தேன்.

ஆவணியில் கொழுந்தியாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு. தூக்குகளை டிக்கியில் அடுக்கிச் சாத்தியது பையன். திருமங்கலம் தாண்டி, டி. கல்லுப்பட்டிக்கு முன்னால் ஒரு வேகத்தடை. பின்சக்கரம் ஏறி இறங்கியதும் டிக்கி விரியத் திறந்துகொண்டது. புளியோதரைத் தூக்கு ரோட்டில் விழுந்து உருண்டது. பின்னால் மொபெட்டில் வந்த பெரியவர் சட்டென்று பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தார். இடது முழங்கையில் தோல் உரிந்து, வேட்டியெல்லாம் ரத்தம். அவருக்குப் பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப்பார்க்க முடிவதில்லை.

தூக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். “டிக்கியைச் சாத்தாமயா வண்டி ஓட்டுறது?” என்று கேட்டார். நான் பையனைக் காட்டினேன்.

“இவன்தாங்கய்யா சாத்தினான். சின்னப் பையன், சரியாச் சாத்தலை.”

“ரெண்டு தடவை அமுக்கினேன்ப்பா.”

“வாயை மூடுடா.”

பெரியவர் அவனைப் பார்த்து, “பரவாயில்ல தம்பி, இனிமேப் பார்த்துச் சாத்து” என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு “சரிங்க தாத்தா” என்றான். வளைகாப்பு வீட்டில் புளியோதரை ஏன் குறைந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் இதே கதையைச் சொன்னேன். பந்தி நடக்கும்போது அவன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு கீழே இறங்கிப்போய், செல்போன் வெளிச்சத்தில் அந்த லாக்குக்குள் ஸ்பிரே எண்ணெய் அடித்தேன். குற்றம் எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த எண்ணெயால் பிரயோஜனமும் இல்லை. உள்ளே மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்து, தூசியைத்தான் சேர்த்தது.

அதற்குப் பிறகு பையன் டிக்கியைச் சாத்தும்போதெல்லாம் ஒரு வேலை செய்தான். சாத்திவிட்டு, விளிம்பில் விரலைக் கொடுத்து இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். நாலு எட்டு நடந்துபோய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பான். ஐந்து மாதம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தையில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. புது லாக் வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே மாற்ற உட்கார்ந்தேன். மெக்கானிக் ஷெட்டுக்குப் போகாததற்குக் காரணம் உண்டு. “இது ரொம்ப நாளாவே போயிருக்கே சார்” என்று மெக்கானிக் என் பையன் காதுபடச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். ஆனால் வேலையை ஆரம்பித்ததும் டார்ச் பிடிக்க அவனே வந்து நின்றான்.

டிக்கி ஷாக்கும் தளர்ந்திருந்ததால் கதவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தோம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினோம். ஸ்குரூடிரைவர் முனையில் துணி சுற்றி, உள்பக்க பிளாஸ்டிக் பலகையை நெம்பியதில் இரண்டு கிளிப் உடைந்தது. 10 நம்பர் ஸ்பேனரில் போல்ட்டுகள் இறங்கின. வயர் சாக்கெட்டை உருவியதும் பழைய லாக் கைக்கு வந்தது.

உள்ளங்கை அகலம்தான். பாடியில் இருக்கும் இரும்பு வளையத்தைக் கவ்வுவதற்கு ஒரு நாக்கு. கவ்விய நாக்கு திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கொண்டி. கொண்டியை அழுத்த ஒரு ஸ்பிரிங். நாக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்று மீட்டருக்குச் சொல்ல ஒரு பொடி சுவிட்ச். நான் பொய் என்று சொன்ன அந்தச் சிவப்பு விளக்கு, இந்த சுவிட்ச் சொன்னதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

பையன் அதைப் பேப்பர் மேல் வைத்து, ஸ்குரூடிரைவரால் நாக்கைத் தள்ளினான். டக். இன்னும் தள்ளினான். நாக்கு உள்ளே போனது, கொண்டி விழவில்லை. கையை எடுத்ததும் நாக்கு நழுவி அரைப் பூட்டுக்கே வந்தது. மறுபடி செய்தான், அதேதான். மூன்றாவது தடவை கொண்டியின் பக்கத்தில் கறுத்து இறுகியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் எதுவும் கேட்கவில்லை.

“பழசாயிடுச்சுல்ல” என்றேன்.

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. ஐந்து வார்த்தை போதும். நான் குனிந்து புது லாக்கின் போல்ட்டை முடுக்கினேன்.

மாட்டிய பிறகு கதவைச் சாத்துவதற்கு முன்னால், திறந்த நிலையிலேயே நாக்கை ஸ்குரூடிரைவரால் பூட்டி, பட்டனை அமுக்கி விடுகிறதா என்று பார்க்கவேண்டும். வயரில் கோளாறு இருந்து சாத்திவிட்டால், பின்சீட்டை மடக்கி உள்ளேயிருந்துதான் திறக்கவேண்டிவரும். பேட்டரி வயரை மாட்டிவிட்டு அதை அவனையே செய்யச் சொன்னேன். பூட்டியது, விட்டது. பிறகு கம்பை எடுத்துவிட்டு டிக்கியைச் சாத்தினான். டக், டக். சிவப்பு விளக்கு இல்லை.

அவன் விளிம்பில் விரலைக் கொடுத்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். நாலு எட்டு போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்தான். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்றேன்.