பூனைக்காலி விதையும் பார்க்கின்சன் நோயும்

வேலியோரம் படரும் பூனைக்காலியின் காயைத் தொட்டால் அதன் பழுப்புச் சுணை தோலில் ஏறிக் கடுமையாக அரிக்கும். ஆனால் அக்காயினுள் இருக்கும் பளபளப்பான விதையில்தான், கைநடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மை மருந்தாக விளங்கும் லெவோடோபா இயற்கையாகவே அமைந்துள்ளது.

மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் இந்நோயின் அறிகுறிகள் தோன்றுகின்றன. டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது என்பதால், உள்ளே சென்றபின் டோபமைனாக மாறும் லெவோடோபா கொடுக்கப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி ஆகிய இருவரும் 1937இலேயே இவ்விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர் என்பதும், அந்நோய்க்கு அது பயன்படும் என்று மருத்துவ உலகம் 1961இல்தான் கண்டது என்பதும் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்திகள்.

2004இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில் 30 கிராம் விதைப்பொடித் தயாரிப்பு வழக்கமான மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது. எனினும் பங்கேற்றோர் 8 பேர் மட்டுமே. கடைப்பொடிகளில் மருந்தின் அளவு ஒரே சீராக இருப்பதில்லை. மாத்திரையோடு இப்பொடி சேர்ந்தால் குமட்டலும், இரத்த அழுத்தச் சரிவும், கட்டுக்கடங்காத உடலசைவும் நேரலாம். ஆகவே, நோயாளிகளும் குடும்பத்தாரும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லாமல் இப்பொடியைத் தொடங்கவும் வேண்டாம், இதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.