கடைசியாக வந்தவர்

எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். அவருக்குச் சீட்டாடத் தெரியாது, சதுரங்கமும் தெரியாது. தெரிந்த விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். என்னை எதிரே உட்கார வைத்து, ஏதாவது ஒரு பழைய ஒலிப்பதிவின் நடுவிலிருந்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, "யார் வாசிக்கிறது? சொல்லும் பார்க்கலாம்!" என்பார்.

நம் ஊர்ச் சங்கீதம் அல்ல. கலிபோர்னியாவில் 1965-ம் வருஷம் ஆரம்பித்து, முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் வாசித்து, 1995-ல் கலைந்துபோன 'கிரேட்ஃபுல் டெட்' என்ற ராக் கோஷ்டியின் கச்சேரி அது. 'நன்றி மறவாத செத்தவர்' என்று பெயருக்கு அர்த்தம். முகத்தைச் சுளிக்க வேண்டாம். அநாதைப் பிணம் ஒன்றை அடக்கம் செய்ய உதவியவனுக்கு, அந்தச் செத்தவனே பின்னால் வந்து உதவி செய்கிற பழைய நாடோடிக் கதை ஒன்று உண்டு. அகராதியைப் புரட்டியபோது கண்ணில் பட்ட அந்தப் பெயரைக் கோஷ்டிக்குச் சூட்டிவிட்டார்கள்.

இவர்கள் ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி வாசித்ததில்லை. பாட்டு பாதியில் எங்கேயோ கழன்றுகொண்டு கால் மணி, அரை மணி காடு மேடெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். வராமலே போவதும் உண்டு. கேட்க வந்தவர்கள் பதிவுக் கருவி கொண்டுவந்தால் தடுக்கவில்லை. 1984 முதல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் பெரும்பாலானவை இன்று யார் வீட்டிலும் கேட்கக் கிடைப்பது அதனால்தான். என் சிநேகிதருடைய விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

'யார்?' என்ற கேள்வி கீபோர்டு வாசிப்பவரைப் பற்றியதுதான். மற்றவர்கள் மாறவில்லையே! கிடாருக்கு ஜெரி கார்ஸியா, இரண்டாவது கிடாருக்கு பாப் வீர், கனத்த தந்திகளுள்ள பேஸ் கிடாருக்கு ஃபில் லெஷ், டிரம்ஸுக்கு பில் கிராய்ட்ஸ்மன். முப்பது வருஷமும் இவர்கள்தாம். இன்னொரு டிரம்ஸ்காரர் மிக்கி ஹார்ட் நடுவில் சில வருஷம் போய்விட்டுத் திரும்பினார். பியானோ, ஆர்கன் வைத்த மூலையில் மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருந்தது.

அந்த மூலை ஏன் கஷ்டமான இடம் என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண ராக் கோஷ்டியில் பியானோக்காரருக்கு வேலை தெளிவானது. கிடார் மேலே பறக்கும்போது கீழே சில ஸ்வரங்களைச் சேர்த்து அமுக்கித் தாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே கார்ஸியாவின் கிடார் ஓய்வதே இல்லை. பேஸ் வாசித்த லெஷ், சங்கீத ரசனையும் ஆக்கமும் முறையாகப் படித்தவர். அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்ததே கோஷ்டியில் சேர்ந்தபோதுதான். அதனால் அடி ஸ்வரத்தில் நிற்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு இல்லை. அவரும் ஒரு பக்கம் சஞ்சாரம் செய்வார். வீர் இருக்கிறாரே, அவர் இன்னும் விசேஷம். மக்காய் டைனர் என்ற ஜாஸ் பியானோ மேதையின் இடது கையைக் கவனித்து, அதைத்தான் கிடாரில் செய்ய முயன்றேன் என்று சொன்னவர். பியானோவின் இடது கை வேலையைக் கிடார்க்காரரே எடுத்துக்கொண்டுவிட்டால், பியானோவின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? வீடு நிறைய ஜனம், ஒவ்வொருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியாக வந்த மாப்பிள்ளை எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிற மாதிரிதான்.

முதலில் இருந்தவருக்கு மட்டும் இந்தக் கஷ்டம் இல்லை. ரான் மெக்கர்னன் என்று பெயர். 'பிக்பென்' என்று கூப்பிட்டார்கள், பன்றித் தொழுவம் என்று அர்த்தம். பார்க்க முரட்டு ஆசாமி. தகப்பனார் ரேடியோவில் கறுப்பின மக்களின் பாட்டுக்களை ஒலிபரப்பியவர். பையனுக்கு ப்ளூஸ் ரத்தத்திலேயே ஏறிவிட்டது. ஆர்கன் வாசித்தார், ஹார்மோனிகா ஊதினார். எல்லாவற்றையும் விடப் பாடினார். ஒரே பாட்டை அரை மணி நேரம் நீட்டி, நடுவில் ஜனங்களோடு சம்பாஷித்து, கூட்டத்தைக் கைக்குள் வைத்துக்கொள்வார். ஆரம்பத்தில் கோஷ்டியின் முகமே அவர்தான் என்று சொல்லலாம். பிறகு மற்றவர்கள் காட்டு வழியில் வெகுதூரம் போய்விட்டார்கள். இவருக்கு அதில் ருசியில்லை. எல்லோரும் எல்.எஸ்.டி. சாப்பிட்டபோது இவர் மது மட்டும் குடித்தார். 1968 நவம்பரில் டாம் கான்ஸ்டன்டன் என்பவர் கீபோர்டுக்கு வந்ததும், பிக்பென் காங்கா என்ற கை மேளத்தைத் தட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். தாம் ஏற்படுத்திய குடும்பத்தில் தாமே விருந்தாளி ஆவது எப்படி இருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. 1973 மார்ச்சில், குடியினால் வயிற்றில் ரத்தம் கசிந்து இறந்தார். வயது இருபத்தேழு.

கான்ஸ்டன்டன் படிப்பாளி. லெஷுடன் ஒரே அறையில் இருந்தவர், ஐரோப்பிய நவீன சங்கீத ஆசாரியர்களிடம் பயின்றவர். பியானோத் தந்திகளுக்கு நடுவே சாமான்களைச் செருகி விசித்திரமான ஓசைகளை எழுப்புவார். 1969-ல் வெளிவந்த 'லைவ்/டெட்' ஆல்பத்தில், 'டார்க் ஸ்டார்' என்ற இருபத்துமூன்று நிமிஷப் பயணத்தில் பின்னால் மெல்லிய நூல்போல ஓடுவது அவருடைய ஆர்கன்தான். அந்த நூலை உருவிவிட்டால் துணி நலுங்கிவிடும். ஆனால் ராக் கிடார்களின் இரைச்சலில் அவர் வாசித்ததில் பாதி காதில் விழவில்லை. சுமார் பதினான்கு மாதத்தில், மனஸ்தாபம் இல்லாமலே விலகிக்கொண்டார். கெட்டிக்காரர்.

மூன்றாமவர் கீத் காட்ஷோ. இவர் வந்த விதம் ஒரு கதை. 1971-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஓர் இரவு விடுதியில் அவர் மனைவி டோனா, முன்பின் அறியாத கார்ஸியாவை மறித்து, "என் புருஷன்தான் உங்களுடைய அடுத்த பியானோக்காரர், உங்கள் டெலிபோன் நம்பரைக் கொடுங்கள்" என்கிற தினுசில் பேசியிருக்கிறாள். புருஷனோ வாயே திறக்காத பிராணி. அந்த வருஷம் அக்டோபரில் கோஷ்டியில் உட்கார்ந்தார். டோனாவும் பிறகு பாடகியாகச் சேர்ந்தாள்.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிட வேண்டும். 1972 முதல் 1974 வரை கீத் வாசித்ததற்கு இணையாக அந்த மூலையில் யாரும் வாசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அவர் முன்னால் வர மாட்டார். கார்ஸியா ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிற இடத்தில், ஒரு ஸ்வரம், இரண்டு ஸ்வரம், மேல் ஸ்தாயியில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி. அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் அதிலிருந்து பிறக்கும். 1972 ஆகஸ்டில் ஆரெகன் மாகாணத்தில், கொதிக்கிற வெயிலில், ஒரு பால்பண்ணைக்கு உதவி நிதிக்காக நடந்த கச்சேரியைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த வருஷங்களில் ஹார்ட் இல்லை, ஒரே டிரம்ஸ்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. வெளி இருந்தது, அந்த வெளியில் கீத் உட்கார்ந்தார்.

ஹார்ட் திரும்பியதும் வெளி சுருங்கிற்று. 1977 மே மாதம் கார்னெல் சர்வகலாசாலையில் நடந்த கச்சேரியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசியப் பொக்கிஷங்களின் ஜாபிதாவில் சேர்த்திருக்கிறது. அதில் கீத்தும் குறைவில்லாமல் வாசிக்கிறார். அதற்குப் பிறகுதான் இறக்கம். போதைப் பழக்கம் முற்றிற்று. கார்ஸியா வாசித்ததையே பின்னால் எதிரொலிக்கிற வாசிப்பாயிற்று. 1979 பிப்ரவரியில் தம்பதிகள் விலகினார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் கார் விபத்தில் கீத் போய்விட்டார். முப்பத்திரண்டு வயது.

என் சிநேகிதர் நாலாமவரின் கட்சி. பிரெண்ட் மிட்லண்ட். "உங்கள் கீத் முணுமுணுக்கிறவன், ஐயா! எங்கள் ஆள் நெஞ்சைத் திறந்து கத்துகிறான்" என்பார். வாஸ்தவம். ராணுவப் பாதிரியாரின் மகன். ஜெர்மனியில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். 1979 ஏப்ரலிலிருந்து பதினோரு வருஷம் இருந்தார். அந்த மூலையில் இத்தனை காலம் யாரும் தாக்குப் பிடித்ததில்லை. ஹாம்மண்ட் ஆர்கனையும், கொம்பு போன்ற ஒலிபெருக்கி பெட்டிக்குள் சுழன்றுகொண்டே ஓசையை நடுங்க வைக்கும் லெஸ்லி யந்திரத்தையும் கொண்டு அவர் செய்கிற ஜாலத்தை என்னால் மறுக்க முடியாது. மெதுவாகச் சுழலும்போது கோவில் மாதிரி இருக்கும். விசையைத் தட்டி வேகப்படுத்தினால் மயிர்க்கூச்செறியும். கரகரத்த குரல். 1989 சலனப்படங்களில் கார்ஸியா ஜனங்களைப் பார்க்காமல் இவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சிரித்தபடியே வாசிப்பதைக் காணலாம். 1990 மார்ச்சில் பிரான்ஃபர்டு மார்ஸாலிஸ் ஸாக்ஸபோனுடன் வந்து சேர்ந்த இரவில் 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்டு' வாசித்தார்களே, அதில் பிரெண்ட் விருந்தாளிக்கு வழிவிட்டுக்கொண்டே தாமும் பேசுகிற அழகுக்காக நான் என் கட்சியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயார்.

ஆனால் இவர் தம் சொந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தால் ரசிகர்களில் ஒரு சாரார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். பதினோரு வருஷம் ஆகியும் தாம் 'புதுப் பையன்' என்ற உணர்ச்சி அவரை விடவில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1990 ஜூலை 26-ந் தேதி, போதைப் பொருள் மிகுதியால் வீட்டில் இறந்து கிடந்தார். முப்பத்தேழு வயது.

ஆறே வாரத்தில் கோஷ்டி மறுபடியும் மேடை ஏறிற்று! ஒருவருக்கு இருவராக வைத்துக்கொண்டார்கள். புரூஸ் ஹார்ன்ஸ்பி ஏற்கனவே பெரிய பெயர் எடுத்தவர். பெரிய பியானோவுடன் வந்து, கார்ஸியா சோர்ந்தால் சீண்டி எழுப்பி, ஒன்றரை வருஷத்தில் தம் வழியே போய்விட்டார். சொந்த வீடு உள்ளவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கிப்போனவர்தான் வின்ஸ் வெல்னிக்.

'ட்யூப்ஸ்' என்ற கோஷ்டியில் வாசித்தவர். உச்ச ஸ்தாயியில் ஒத்துப் பாடக் குரல் இருந்ததால்தான் எடுத்துக்கொண்டார்கள். முதல் கச்சேரிகளில் ரசிகர்கள் "யோ வின்னி!" என்று அச்சடித்த ஒட்டுச் சீட்டுகளை விநியோகித்து வரவேற்றார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவர் எலெக்ட்ரானிக் கீபோர்டில் வாசித்த ஓசைகள் பிளாஸ்டிக் பூப்போல இருக்கின்றன என்ற பேச்சு சீக்கிரமே கிளம்பிற்று. நானும் அப்படித்தான் சொன்னேன். சிநேகிதர் 1992-க்குப் பிற்பட்ட பதிவைப் போட்டால், "நிறுத்தும், வேறே போடும்" என்பேன். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் அபிப்பிராய பேதமே இல்லை.

போன வருஷம் ஒரு நாள் அவர் 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்டு' பாட்டிலிருந்து ஒரு துண்டு போட்டார். குரல் இல்லை, வாத்தியம் மட்டும். ஆர்கன் அடியில் கமகமவென்று மணத்துக்கொண்டு, கார்ஸியா ஏறுகிற ஒவ்வொரு படியிலும் ஒரு கை கொடுத்துக்கொண்டு போயிற்று. "உங்கள் ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். பிரெண்ட்!" என்றேன். சிநேகிதர் சிரிக்கவில்லை. "1993, ஓய்" என்றார். "நானும் ஏமாந்துதான் போனேன். அதனால்தான் போட்டேன்."

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கார்ஸியா 1995 ஆகஸ்டில் இறந்து கோஷ்டி கலைந்ததும், 1998-ல் மற்றவர்கள் வேறு பெயரில் மறுபடியும் கூடினார்கள். ஹார்ன்ஸ்பியைக் கூப்பிட்டார்கள்; வின்ஸைக் கூப்பிடவில்லை. 2006 ஜூன் மாதம், ஐம்பத்தைந்தாவது வயதில், அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். இதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும். அந்த மூலைக்குச் சாபம் என்று ரசிகர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு, அதிலேயே சமாதானம் அடைந்திருந்தோம். யார் உசத்தி, யார் மட்டம் என்று நாற்காலியைச் சுற்றி நின்று அளந்துகொண்டிருந்த எங்களைப் போன்றவர்களும் அந்தச் சாபத்தில் ஒரு பங்கு என்பது மட்டும் தோன்றவில்லை. பிரெண்டை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கீத்தோடு அளந்தார்கள், வின்ஸைப் பிரெண்டோடு. செத்தவனோடு போட்டி போட்டு யார் ஜயிக்க முடியும்?

சிநேகிதர் இன்னொன்று தேடி எடுத்தார். 1992 டிசம்பர், அரிஸோனா. வின்ஸ் பிறந்த மாகாணம் அது. 'ஹியர் கம்ஸ் சன்ஷைன்' என்ற கீத் காலத்துப் பாட்டு, 1974-க்குப் பிறகு வாசிக்காமலே கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுக்க வைத்தவர் வின்ஸ்தான் என்பார்கள். கார்ஸியாவின் குரல் தளர்ந்திருந்தது. பல்லவி வந்தபோது அதற்கு மேலே, மெல்லியதாக, சுருதி பிசகாமல் இன்னொரு குரல் ஏறிற்று. முழுக்கக் கேட்டோம். முடிந்ததும் சிநேகிதர் என்னைப் பார்த்தார். "இன்னொரு தரம் போடும்" என்றேன்.